அறுபத்தோரு கிலோ நானூறு கிராம்

பார்சல் ஆபீசில் எடை மேடைக்குப் பின்னால் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருப்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கிராம் என்று வைத்தார்கள். ஆபீசில் வைத்த பெயர் தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அவருடைய மனைவி மட்டும் நேரில் அப்படிக் கூப்பிட மாட்டாள். அக்காவிடம் போனில் பேசும்போது கூப்பிடுவாள். அவர் பக்கத்து அறையில் இருந்தால் கொஞ்சம் சத்தமாகவே கூப்பிடுவாள்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை ஃப்ரேமுக்கு ஏற்றபடி தேய்த்து, பொருத்தி, துடைத்துக் கொடுக்க வேண்டும். அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாதி லென்ஸ் நிஜக் கண்ணாடியாக இருந்தது. இப்போது எல்லாமே பிளாஸ்டிக். அதை எதனால் துடைக்கலாம், எது பட்டால் பாழாகும், மேலே ஒட்டி வரும் மெல்லிய தாளை எப்போது உரிக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் விரலுக்கே தெரியும். ஆனால் இந்தக் கதை நடந்த ஒன்றரை மாதத்தில் அவளிடம் ஒரு வார்த்தை கேட்போமே என்று கிராமுக்குத் தோன்றவில்லை. புருஷன்மார்களிடம் இது அப்படியொன்றும் அபூர்வமில்லை.

விஷயம் இதுதான். மோட்டார் சங்கத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை ‘ஒரு லிட்டர் ஓட்டம்’ நடத்துவார்கள். காரின் டாங்கிக் குழாயைக் கழற்றிவிட்டு, சரியாக ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றிய கேனை மாட்டிவிடுவார்கள். அது தீர்ந்து வண்டி எங்கே நிற்கிறதோ, அதுவரை வந்த தூரம்தான் கணக்கு. வேகத்துக்கு அங்கே வேலை இல்லை. நாற்பதுக்கு மேல் போனால் நஷ்டம், பிரேக்கைத் தொட்டால் பாவம்.

இத்தனை வருஷமும் இன்னொரு ஆள் கூட உட்கார்ந்து வரவேண்டும் என்பது விதி. ஓட்டுகிறவர் புளுகாமல் பார்த்துக்கொண்டு, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்குப் பெரும்பாலும் அவரவர் மனைவிதான் வருவாள். விதியை எழுதியவர்கள் உலகம் தெரிந்தவர்கள்.

ஆறு வருஷமாகப் போட்டி உண்மையில் இரண்டே பேருக்குள்தான். ஒருவர் கிராம். இன்னொருவர் மனைவியின் அக்கா புருஷன், அதாவது கிராமுக்குச் சகலை. இரண்டு பேரும் ஒரே மாதத்தில் ஒரே மாதிரி கார் வாங்கினார்கள். ஒரே மாதிரி தொப்பையும் போட்டார்கள். இதுவரை இவருக்கு மூன்று கோப்பை, அவருக்கு மூன்று கோப்பை. இது ஏழாவது வருஷம்.

இந்த ஏழாவது வருஷம் பார்த்து சங்கம் விதியை மாற்றியது. கேனோடு சேர்த்துத் தூரத்தைத் தானே குறிக்கும் மீட்டரும் வைத்துவிட்டார்களாம். ‘உடன் ஒருவர் வரலாம், கட்டாயமில்லை’ என்று அறிவிப்பு வந்தது. சகலை அன்றைக்கே அக்காவை இறக்கிவிட்டார். அறுபது கிலோவை ஒரே வார்த்தையில் குறைத்துவிட்டேன் என்று போன் போட்டுச் சொன்னார். அக்காவுக்கும் வருத்தமில்லை, வெயிலிலிருந்து விடுதலை கிடைத்தது என்றாள்.

கிராம் மனைவிக்கு அப்படி இல்லை. அந்த ஓட்டம் முக்கால் மணி நேரம் பிடிக்கும். ஓட்டும்போது கிராம் ஹாரன் அடிக்க மாட்டார், பாட்டுப் போட மாட்டார், அவசரப்பட மாட்டார். வீட்டில் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் செலவழிக்காத மனிதர் அந்த முக்கால் மணி நேரம் மட்டும் பேசிக்கொண்டே வருவார். ஆபீசில் யார் எதைக் கட்டிக்கொண்டு வந்தார்கள், யார் எடையைக் கேட்டு மூர்ச்சையாகப் பார்த்தார்கள், சின்ன வயதில் எந்த ஆற்றில் மூழ்கிப் பிழைத்தார் என்று எல்லாம் வரும். அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள். வருஷம் முழுக்க அதற்காகக் காத்திருப்பாள் என்று சொன்னாலும் தப்பில்லை. அந்த இடது பக்க சீட் அவளுக்கு வேண்டும்.

அவள் நேராகவே கேட்டாள்.

“கடையில லீவு சொல்லணும். நான் வரணுமா, வேண்டாமா?”

“பாப்போம்,” என்றார் கிராம்.

அதற்குப் பிறகு கார் இளைக்க ஆரம்பித்தது. முதலில் பின் சீட் போனது. பிறகு ஸ்டெப்னி, ஜாக்கி, தரைவிரிப்பு, ஸ்பீக்கர் பெட்டி, கூரை மேலிருந்த கேரியர். ஒவ்வொன்றையும் பஸ்ஸில் ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போய் எடை மேடையில் வைத்து, நோட்டில் எழுதி, டிக் போட்டுக்கொண்டு வருவார். பின் சீட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போன மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டாராம்.

நடுவில் ஒரு நாள் காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து வீட்டு எடை மெஷினை இழுத்துப் போட்டு, அவளை ஏறி நிற்கச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை.

இங்கே கிராம் குடும்பத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் குடும்பத்தில் புதுச் சாமான்மேல் ஒட்டி வரும் தாளை யாரும் உரிக்க மாட்டார்கள். அவர் அண்ணன் வீட்டு சோபா பதினோரு வருஷமாக உறைக்குள் இருக்கிறது. உட்கார்ந்தால் சரசரவென்று அதட்டும். கிராம் வீட்டில் ஃப்ரிஜ், மிக்ஸி, டிவி ரிமோட் எல்லாம் இன்னும் கடையிலிருந்து வந்த கோலத்தில்தான். எடை மெஷினின் எண் தெரியும் சதுரத்திலும் மேல்தாள் அப்படியே இருந்தது. அதில் ஒரு மடிப்பு விழுந்து பழுத்துப்போய், எண்களின் தலையை மறைத்துக்கொண்டிருந்தது.

கிராம் குனிந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். “அறுபத்தொண்ணு புள்ளி நாலு.”

அது அறுபத்தொன்று இல்லை என்று அவளுக்குத் தெரியும். போன வாரம்தான் கிளினிக்கில் நர்ஸ் உரக்கப் படித்திருந்தாள். மடிப்புக்குள் மறைந்த கோடு தெரிந்திருந்தால் ஒன்று ஏழாகியிருக்கும். ஆனால் ஆறு கிலோ குறைத்துச் சொல்கிற புருஷனைத் திருத்த எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? சத்தம் காட்டாமல் இறங்கிக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து மேஜைமேல் அந்த நோட்டு திறந்து கிடந்தது. அவள் பார்த்தாள். வரிசையாகச் சாமான்களின் பெயர், எதிரே எடை, பக்கத்தில் டிக். கடைசியில் ‘ஜன்னல் – 9.900’ என்று ஒரு வரிக்கு மட்டும் டிக் இல்லை. அதற்குக் கீழே இரட்டைக் கோடு போட்டு, பெயர்கூட எழுதாமல், 61.400 என்று வெறும் எண். அதற்கும் டிக் இல்லை.

அவளுக்குச் சுருக்கென்றது. ஜாக்கிக்குக்கூடப் பெயர் எழுதியிருக்கிறார். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பெயர் உண்டு. பதினெட்டு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு எண்தானா? எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கடைசியாகக் கழற்ற வேண்டிய சாமான் அவள். வரிசையைக் கூட்டிப் பார்த்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். கோபத்தில் இருக்கிறவர்கள் கூட்டல் போடுவதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் வேலை நடந்தது. நாலு கதவுக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் சேர்ந்து இருபது கிலோ. அதை எடுத்துவிட்டுப் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கைப் போட்டால் பாதியாகிவிடும். முன்கண்ணாடியை மட்டும் மாற்றக் கூடாது என்று சங்கம் சொல்லியிருந்தது. பெயர்ப்பலகை செய்கிற போர்டு கடைக்காரர் அட்டையில் அளவெடுத்து, அழகாக அறுத்துக்கொண்டு வந்து பொருத்திவிட்டார். இந்த ஜன்னல்கள் இறங்காது, ஏறாது. இருந்த இடத்தில் இருக்கும். ஒவ்வொன்றின் வெளிப்புறத்திலும் பால் கலந்த தண்ணீர்போல மங்கலாக ஒரு மேல்தாள் ஒட்டியிருந்தது. கம்பெனி பெயர் நீல எழுத்தில் வரிசை வரிசையாக அதில் ஓடியது.

போர்டு கடைக்காரர் தாளின் மூலையில் கை வைத்ததுமே கிராம் பதறிப்போனார். இருக்கட்டும், போட்டியன்று காலையில் உரித்துக்கொள்ளலாம், அதுவரை கீறல் விழாமல் இருக்குமே என்றார். போட்டிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. வண்டி நிற்பது வீட்டு வாசலில், காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலில். போர்டு கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார்.

அவள் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். வெயிலில் வெந்த தாள் உரிந்து வராது என்று அவளுக்குத் தெரியும். கடை ஷோகேஸில் வெயில் படும் இடத்தில் வைத்த லென்ஸ்களில் ஒட்டுத்தாளோடு மல்லுக்கட்டி நகத்தைப் பறிகொடுத்தவள் அவள். ‘ஏங்க, இன்னைக்கே உரிச்சிடுங்க’ என்பது நாக்கு நுனிவரை வந்தது. அப்போது பெயரில்லாத அந்த எண் ஞாபகம் வந்தது. என்னைக் கழற்றப் போகிறவருக்கு நான் எதற்கு யோசனை சொல்ல வேண்டும் என்று உள்ளே போய்விட்டாள்.

மூன்று வாரமும் நல்ல வெயில். அவள் தினமும் வேலைக்குப் போகும்போது காரைத் தாண்டித்தான் போனாள். முதல் வாரம் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இரண்டாவது வாரம் தாளின் ஓரம் மஞ்சளாவதைப் பார்த்தாள். மூன்றாவது வாரம் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தாள்.

போட்டிக்கு முதல் நாள் சாப்பிடும்போது கிராம் தட்டைப் பார்த்துக்கொண்டே, “லீவு சொல்லிட்டியா?” என்று கேட்டார். சொல்லவில்லை என்றாள். “சொல்லிடு,” என்றார். அவ்வளவுதான். கை தட்டக் கூட்டத்தில் ஆள் வேண்டியிருக்கிறதுபோலும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததைச் சொல்லவும் செய்தாள், கழுவிய பாத்திரத்திடம்.

சங்கத்து மைதானம் இரண்டு தெரு தள்ளித்தான். அதுவரைக்கும் வண்டியை ஊர்ந்துகொண்டே கொண்டுபோனார்கள். பக்கவாட்டில் ஒன்றும் தெரியவில்லை. அவள் கதவை ஒரு சாண் திறந்து தலையை நீட்டி, ‘போங்க, நில்லுங்க, நாய் போகட்டும்’ என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கிராம் மட்டும் மாப்பிள்ளை களையோடு இருந்தார். சகலை முன்னால் வைத்து, ஒரே இழுப்பில் தாளை உரித்துக் காட்ட வேண்டும் என்பது அவர் திட்டம்.

சகலை வந்தார், நாலைந்து பேரும் கூடினார்கள். கிராம் தன் பக்க ஜன்னலில் மூலையைப் பிடித்து இழுத்தார். நக அளவுக்கு ஒரு துண்டு வந்தது. மறுபடி இழுத்தார். மறுபடி நக அளவு. அடுத்த ஜன்னலுக்குப் போனார், அங்கேயும் அதே நகம். வியர்த்துக் கொட்டியது.

சங்கத்துப் பரிசோதகர், வாழ்நாளெல்லாம் லைசென்ஸ் கொடுக்காமலிருக்கக் காரணம் தேடிய ஓய்வுபெற்ற அதிகாரி, நிதானமாக வந்து ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தார். இது ஜன்னலா சுவரா என்று விசாரித்தார். ஒன்பதரைக்குள் ஓட்டுகிறவருக்குப் பக்கவாட்டிலும் பின்பக்கமும் தெளிவாகத் தெரிந்தால் வண்டி ஓடும், இல்லையென்றால் நிற்கும் என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைக் காட்டினார். எட்டே கால்.

சகலைக்கு வாய் சும்மா இருக்குமா? ஆனால் நல்ல மனிதர், யோசனையாகத்தான் சொன்னார்.

“சகலை, வீட்டுக்குப் போயி பழைய கண்ணாடியவே மாட்டிட்டு வாங்க. பத்து கிலோ கூடினா கூடட்டும். என்னை மாதிரி தனியா ஓட்டுங்க, சரியாப் போச்சு.”

கிராம் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். முகம் தொங்கிப்போயிருந்தது.

“தனியா ஓட்டறதுன்னா நான் எதுக்கு சகலை பின் சீட்ட மடியில வெச்சுகிட்டு பஸ்ல போறேன்?” என்றார். “இவ கூட வரணும். இவளையும் வெச்சுகிட்டு, நீங்க தனியா ஓட்டற எடையில நான் ஓட்டணும். இவ எடைக்கு வண்டியில கழட்டிட்டேன். இந்த ஜன்னலோட கணக்கு சரியா வருது.”

பையிலிருந்து நோட்டை எடுத்துச் சகலையிடம் நீட்டினார். நீட்டிய கை அவள் முகத்துக்கு நேராகத்தான் போனது. பின் சீட்டிலிருந்து கேரியர் வரை ஐம்பத்தொன்றரை. ஜன்னல் ஒன்பது தொள்ளாயிரம். இரட்டைக் கோடு. அறுபத்தொன்று நானூறு. பள்ளிக்கூடத்துக் கூட்டல்.

அந்த எண் கழற்ற வேண்டிய சாமான் இல்லை. அவளை வைத்துக்கொள்வதற்காக இந்த மனிதர் ஒன்றரை மாதமாக வண்டியை உரித்திருக்கிறார். அதை வாயைத் திறந்து ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லாததுக்கு அவரை நாலு அறை விட வேண்டும் போலவும், கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. மைதானத்தில் இரண்டுமே முடியாது. அதைவிட, மூன்று வாரம் அந்தக் காரைத் தாண்டித் தாண்டிப் போனது நினைவுக்கு வந்து உறுத்தியது.

அதற்குள் யாரோ ஒருவர் பெயிண்டைக் கரைக்கும் தின்னர் பாட்டிலும் பழந்துணியுமாக ஜன்னலை நெருங்கிவிட்டார்.

“தின்னர் வேண்டாம்,” என்றாள் அவள். “பட்டா வெடிச்சு வெளுத்துப் போயிடும். வெந்நீர் வேணும், கொஞ்சம் சோப்பு. யாரும் நகத்தால சுரண்டாதீங்க.”

கடையில் வாடிக்கையாளரிடம் பேசும் குரல் அது. அந்தக் குரலை கிராம் கேட்டதே இல்லை, எழுந்து நின்றுவிட்டார். சகலைதான் டீக்கடைக்கு ஓடி ஒரு கெட்டில் வெந்நீர் கொண்டுவந்தார். எதிராளியாக இருந்தாலும் சொந்தமாயிற்றே. அவள் கைப்பையிலிருந்து லென்ஸ் துடைக்கும் துணிகளை எடுத்து, சோப்பு வெந்நீரில் நனைத்து, தாள்மேல் போட்டு ஊறவிட்டாள். பிறகு கட்டைவிரலின் சதையால் ஓரத்திலிருந்து மெதுவாக உருட்டிக்கொண்டே போனாள். தாள் முறைத்துக்கொண்டே வந்தது, ஆனால் வந்தது. கிராம் பக்கத்தில் நின்று அதே மாதிரி உருட்டப் பழகினார். பார்சலில் லேபிள் ஒட்டுகிற விரல், சீக்கிரம் படிந்தது.

அவர் பக்க ஜன்னல் முடிந்து பின்கண்ணாடிக்கு வந்தபோது அவள் தலை நிமிராமல் சொன்னாள்.

“இது இப்படி ஆகும்னு எனக்கு முதல் நாளே தெரியும்.”

கிராம் கை நின்றது.

“நோட்டப் பாத்தேன். என்னைக் கழட்டப் போறீங்கன்னு நினைச்சேன். அதான் சொல்லல.”

விரலில் ஒட்டியிருந்த தாளை உதறினார், போகவில்லை, சட்டையில் துடைத்தார்.

“கண்ணாடிக் கடையில வேலை பாக்கறவ நீ,” என்றார். “உன்னை ஒரு வார்த்தை நான் கேக்கலியே.”

அதற்குப் பிறகு இருவரும் வேகமாக உருட்டினார்கள்.

ஒன்பதரைக்கு அவர் பக்கமும், பின்பக்கமும், பின்கதவு இரண்டும் பளிச்சென்று இருந்தன. அவள் பக்க ஜன்னலில் மட்டும் மேல்பாதிதான் முடிந்திருந்தது. பரிசோதகர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அந்தப் பக்கத்து மிரரில் பின்னால் வருகிறது தெரிகிறதா என்று ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தும் பார்த்தார். காரணம் கிடைக்காத ஏக்கத்தோடு கையெழுத்துப் போட்டார்.

ஓட்டம் முழுக்க அவளுக்கு இடது பக்கம் பாதி உலகம்தான் தெரிந்தது. மரங்களுக்கு உச்சி மட்டும், மனிதர்களுக்குத் தலை மட்டும். கீழே எல்லாம் பால் மங்கல், அதில் இடவலம் மாறிக் கம்பெனி பெயர். கிராம் நாற்பதிலேயே ஓட்டிக்கொண்டு, பின் சீட்டுக்கு டிக்கெட் கேட்ட கண்டக்டரைப் பற்றி முழுசாகச் சொன்னார். அவள் சிரித்ததில் இருபதாவது கிலோமீட்டரைக் குறிக்க மறந்துபோனாள்.

சகலைதான் ஜெயித்தார். இருபத்தொன்பது கிலோமீட்டர் நானூறு மீட்டர். இவர்கள் அதற்கு நூற்றைம்பது மீட்டர் முன்னாலேயே, சகலையின் காரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்கள். கோப்பையைத் தூக்கிக்கொண்டு சகலை ஒரு சுற்று வந்தார், பாதியில் இவர்கள் இருவரும் ஒரே கெட்டிலில் மீந்த வெந்நீரில் கை கழுவிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அக்காவுக்குப் போன் போட்டு என்னமோ குழைவாகப் பேசினார்.

வீட்டுக்கு வந்தும் கிராமுக்குத் தோற்றது உறைக்கவில்லை, கணக்கு உதைத்ததுதான் உறைத்தது. எடை சரிக்குச் சரி. காற்றும் ஒன்று, சாலையும் ஒன்று. அப்புறம் நூற்றைம்பது மீட்டர் எங்கே போனது? நோட்டை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் கூட்டினார். ஆபீஸ் எடை மேடையைச் சந்தேகப்பட்டார். அவர் அதைச் சந்தேகப்பட்டு அவள் பார்த்ததே இல்லை, அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு பட்டது போதும் என்று கட்டிலுக்கு அடியிலிருந்து எடை மெஷினை இழுத்து அவர் முன்னால் போட்டாள்.

“இதை உரிங்க,” என்றாள்.

“எதுக்கு? நல்லாத்தானே இருக்கு?”

“உரிங்க.”

கிராம் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தச் சின்னச் சதுரத்துத் தாளைக் கட்டைவிரலால் உருட்டி எடுத்தார். அவர் குடும்பத்தில் அப்படி ஒன்று நடப்பது இதுவே முதல் தடவை. அவள் ஏறி நின்றாள். அறுபத்தேழு புள்ளி நான்கு.

கிராம் எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார்.

“ஆறு கிலோ,” என்றார்.

“தெரியும்.”

“எப்போலேருந்து?”

“நீங்க குனிஞ்சு படிச்சப்பலேருந்து.”

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவருக்குக் கணக்கு சரியாகிவிட்டது, வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். மேலே ஒன்றும் எழுதாமல் பக்கத்தின் அடிக்குப் போய், இரட்டைக் கோடு போட்டு, அதற்குக் கீழே 67.400 என்று எழுதினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, எதிரே அவள் பெயரையும் எழுதினார். அடுத்த வருஷத்துக்கு இன்னும் முந்நூற்று அறுபத்தைந்து நாள் இருப்பதுபோல, மீதிப் பக்கம் முழுக்கக் காலியாகக் கிடந்தது.

அவளுக்குக் கண் கலங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல், இனிமேல் வண்டியில் கழற்றுவதற்கு ஸ்டீயரிங்தான் பாக்கி, அந்த ஆறு கிலோவுக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டாள். கிராம் உத்தரத்தைப் பார்த்து யோசித்தார். அவள் இறங்கி, அவர் கையைப் பிடித்து எழுப்பி, மெஷின்மேல் நிற்க வைத்தாள். தொப்பைக்கு அப்பால் அவருக்கு எண் தெரியாது. அவளே குனிந்து, கிளினிக் நர்ஸ் மாதிரி உரக்கப் படித்தாள்.

“உரிச்ச தாள் எங்க? மறுபடி ஒட்டிடலாம்,” என்றார் கிராம்.

அவள் அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தாள். காலிப் பக்கத்தின் முதல் வரியில், தன் கையெழுத்தில், ‘ஓட்டுநர் – 6.000’ என்று எழுதி, டிக் போடாமல் அவரிடம் கொடுத்தாள்.